சென்னையிலிருந்து யாழ்ப்பாணம்: 354 கிலோமீட்டரைக் கடக்க எந்த வழி?

சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் போக முடிவு செய்தவர் பெரும்பாலும் முதலில் பார்ப்பது பயணச்சீட்டில் குறித்திருக்கும் பறக்கும் நேரத்தைத்தான். பலாலியில் உள்ள யாழ்ப்பாணச் சர்வதேச விமான நிலையத்துக்கு நேரே போகும் விமானத்துக்கும், கொழும்புக்கு அருகே கட்டுநாயக்கவில் உள்ள பண்டாரநாயக்க சர்வதேச விமான நிலையத்துக்குப் போகும் விமானத்துக்கும் அந்த நேரம் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது. இரண்டும் ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணிக்குள் முடிந்துவிடும். கொழும்புக்கு ஒரே நாளில் பல விமானங்கள் உண்டு, பலாலிக்கு அப்படி இல்லை என்பதால், "கொழும்பில் இறங்கி அங்கிருந்து மேலே போய்விடலாம்" என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது. அந்த எண்ணம் சிலருக்குச் சரியானது. பெரும்பாலானவர்களுக்கு ஒரு முழுப் பகலையும், குழந்தைகளோடும் முதியவர்களோடும் போகிறவர்களுக்கு உடல் வலுவையும் சேர்த்தே வாங்கிக்கொள்வது. நேர் விமானம், கொழும்பு வழி, திருச்சி விமானம், நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் ஆகிய நான்கையும் அருகருகே வைத்துப் பார்த்தால் யாருக்கு எது பொருந்தும் என்பது தெளிவாகிவிடும்.

தொலைவிலிருந்து தொடங்குவோம். சென்னை விமான நிலையம் ஏறத்தாழ 12.99 பாகை வட அகலாங்கிலும் 80.18 பாகை கிழக்கு நெட்டாங்கிலும் இருக்கிறது, பலாலி 9.79 பாகை வடக்கிலும் 80.07 பாகை கிழக்கிலும் இருக்கிறது. நெட்டாங்கில் வேறுபாடு மிகச் சிறியது என்பதால் பயணம் கிட்டத்தட்ட நேர் தெற்காகவே அமைகிறது. இந்தப் பகுதியில் ஒரு பாகை அகலாங்கு 110.6 கிலோமீட்டர் என்று கொண்டால், 3.2 பாகைக்கு 354 கிலோமீட்டர் வருகிறது. சாலை வழியே சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் தூரத்தைவிட இது சற்றே அதிகம், அவ்வளவுதான். கட்டுநாயக்க 7.18 பாகை வடக்கில் இருப்பதால் சென்னையிலிருந்து அதற்கான நேர்த்தொலைவு ஏறத்தாழ 644 கிலோமீட்டர் ஆகிறது. திருச்சியிலிருந்து பலாலிக்கு அதே முறையில் கணக்கிட்டால் 184 கிலோமீட்டர்தான் கிடைக்கிறது.

இந்த எண்களுக்குள் ஓர் உண்மை இருக்கிறது. முடிவெடுப்பதற்கு இதைவிட உதவியான தகவல் வேறில்லை என்று நினைக்கிறேன். சென்னையையும் கட்டுநாயக்கவையும் இணைத்து வரைபடத்தில் ஒரு நேர்கோடு போட்டால், அந்தக் கோடு பலாலிக்குச் சில கிலோமீட்டர் தொலைவிலேயே கடந்து போகிறது. சென்னை – பலாலி 354 கிலோமீட்டர், பலாலி – கட்டுநாயக்க 290 கிலோமீட்டர், இரண்டையும் கூட்டினால் அதே 644. விமானங்கள் தமக்கு ஒதுக்கப்பட்ட வான்பாதையில் போகின்றன, வரைபடக் கோட்டை அப்படியே பின்பற்றுவதில்லை. ஆனாலும் கொழும்பு வழியாக யாழ்ப்பாணம் போகிறவர் தாம் போய்ச் சேர வேண்டிய ஊரை வானில் தாண்டிச் சென்று, 290 கிலோமீட்டர் தெற்கே இறங்கி, பிறகு அந்தத் தூரம் முழுவதையும் தரைவழியே வடக்கு நோக்கித் திரும்பக் கடக்கிறார் என்பது மாறாது. தரையில் அந்த 290 கிலோமீட்டர் அப்படியே நிற்பதும் இல்லை. நீர்கொழும்பு, புத்தளம், அநுராதபுரம், வவுனியா, கிளிநொச்சி என்று சாலை வளைந்து செல்வதால் அது ஏறத்தாழ 370 கிலோமீட்டராக நீள்கிறது.

அப்படியானால் 354 கிலோமீட்டருக்கும் 644 கிலோமீட்டருக்கும் பறக்கும் நேரம் எப்படி ஒன்றாக இருக்க முடியும் என்ற கேள்வி எழும். விடை விமானத்தின் வகையில் இருக்கிறது. பலாலிக்குப் போவது ஏடிஆர் 72 என்ற, சுழல்விசிறி கொண்ட விமானம். அதன் உச்சப் பயணவேகம் மணிக்கு 510 கிலோமீட்டர் அளவில் இருக்கும். கொழும்புக்கு வழக்கமாகப் போகும் ஏ320 வகை ஜெட் விமானம் மணிக்கு 830 கிலோமீட்டர் அளவில் பறக்கக்கூடியது. இதனோடு, தூரம் எவ்வளவானாலும் மாறாத ஒரு செலவும் உண்டு. பயணச்சீட்டில் குறிக்கப்படும் நேரம் சக்கரம் தரையை விட்டதிலிருந்து தொடங்குவதில்லை. விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து, சேருமிடத்தில் நிற்பது வரையிலான நேரம் அது. ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வது, முன்னே நிற்கும் விமானங்களுக்காகக் காத்திருப்பது, மேலேறுவது, இறங்குவதற்காகச் சுற்றி வருவது, மறுபடி ஊர்ந்து வருவது என எல்லாம் சேர்ந்து அரை மணியை எடுத்துக்கொள்கின்றன.

குறுந்தொலைவுப் பறப்புகளுக்கு நான் கைக்கொள்ளும் கணக்கு இதுதான்: நேர்த்தொலைவை ஏடிஆர் என்றால் 450 ஆலும் ஜெட் என்றால் 750 ஆலும் வகுத்து, வரும் மணி நேரத்தோடு அரை மணியைக் கூட்டிக்கொள்வது. சென்னை – பலாலிக்கு 47 நிமிடமும் 30 நிமிடமும் சேர்ந்து 77 நிமிடம்; சென்னை – கட்டுநாயக்கவுக்கு 52 நிமிடமும் 30 நிமிடமும் சேர்ந்து 82 நிமிடம்; திருச்சி – பலாலிக்கு 25 நிமிடமும் 30 நிமிடமும் சேர்ந்து 55 நிமிடம். நிறுவனங்கள் அறிவிக்கும் நேரங்கள் இவற்றை ஒட்டியே இருக்கும்; தாமதத்துக்கு இடம் கொடுத்துச் சிலவேளை பத்துப் பதினைந்து நிமிடம் கூட்டிப் போடுவார்கள். திருச்சியிலிருந்து போகும் தூரம் சென்னையிலிருந்து போவதில் பாதிதான் என்றாலும் நேரம் பாதியாகக் குறையாததன் காரணமும் இதில் விளங்கும். போகும்போதும் வரும்போதும் நேரம் அதிகம் வேறுபடாததற்கு வேறு காரணம்: இந்தப் பாதை வடக்கு தெற்காக இருப்பதால், தென்மேற்குப் பருவத்தில் வீசும் மேற்குக் காற்றும் வடகிழக்குப் பருவத்தில் வீசும் கிழக்குக் காற்றும் விமானத்தைப் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் தாக்குகின்றன, பின்னிருந்து தள்ளுவதும் முன்னிருந்து தடுப்பதும் குறைவு.

பலாலிக்கு ஏன் ஜெட் போவதில்லை என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படைக்காக அமைந்த அந்தத் தளத்தில் இன்று பயணிகள் விமானங்களுக்குத் திறந்திருக்கும் ஓடுபாதை ஏ320 வகை விமானங்களுக்குப் போதுமான நீளம் கொண்டதல்ல. ஏடிஆர் குறுகிய ஓடுபாதையில் ஏறி இறங்கத் தக்கது. ஆனால் இந்த வழி புதியது என்று யாரும் நினைக்க வேண்டாம். 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் நிறுவனம் தன் முதல் பயணிகள் சேவையைத் தொடங்கியபோது, டகோட்டா என்று பரவலாக அறியப்பட்ட டிசி-3 விமானம் கொழும்பை ஒட்டிய இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணத்தில் இறங்கித்தான் சென்னைக்குப் போனது. போரினால் பல ஆண்டுகள் அறுந்து கிடந்த தொடர்பு 2019 அக்டோபர் 17 அன்று பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டபோது மீண்டது. அன்று வந்திறங்கியது சென்னையிலிருந்து வந்த அலையன்ஸ் ஏர் விமானம். பெருந்தொற்றால் 2020 இல் நின்றுபோன சேவை 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. 2024 செப்டம்பரில் இண்டிகோ சென்னையிலிருந்தும், 2025 மார்ச் இறுதியில் திருச்சியிலிருந்தும் பலாலிக்குப் பறக்கத் தொடங்கியது. வடபகுதி மக்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை, முன்பு ஒரு மருத்துவப் பரிசோதனைக்காகச் சென்னைக்கு வரவும் கொழும்பு வரை இரவெல்லாம் பேருந்தில் போய்த்தான் விமானம் ஏற வேண்டியிருந்தது என்பதை அறிந்தவர்கள் உணர்வார்கள்.

இனி வீட்டு வாசலிலிருந்து வாசல் வரையிலான நேரத்தைப் பார்ப்போம். ஏனெனில் முடிவைத் தீர்மானிக்க வேண்டியது அதுவே. நேர் விமானத்தில் போகிறவர் பன்னாட்டுப் பயணத்துக்கான வழக்கப்படி மூன்று மணி நேரம் முன்னதாகச் சென்னை விமான நிலையத்தை அடைகிறார் என்று கொள்வோம். பறக்கும் நேரம் ஒன்றேகால் மணிக்குச் சற்று மேல். பலாலி சிறிய நிலையம். ஒரு வேளையில் வந்து இறங்குவது ஒரு ஏடிஆர் நிறையப் பயணிகள், அதாவது எழுபது எண்பது பேருக்கு மேற்படாது என்பதால் குடிவரவு, சுங்கச் சோதனைகளுக்கு நீண்ட வரிசை சேர வழியில்லை. அங்கிருந்து யாழ்ப்பாண நகரம் ஏறத்தாழ 16 கிலோமீட்டர், அரை மணி முதல் முக்கால் மணிப் பயணம். ஆக, சென்னை விமான நிலையத்துக்குள் நுழைந்ததிலிருந்து ஐந்தரை அல்லது ஆறு மணி நேரத்தில் யாழ்ப்பாணத்து வீட்டில் இருக்கலாம்.

கொழும்பு வழியில் அதே மூன்று மணிக் காத்திருப்பும் ஒன்றேகால் மணிப் பறப்பும் அப்படியே இருக்கின்றன. பெரிய நிலையம் என்பதால் வெளியே வர ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு தனி வாகனத்தில் ஆறரை மணி முதல் எட்டு மணி நேரம் சாலையில் கழிகிறது. பேருந்து என்றால் அதைவிடக் கூடும். தொடருந்தில் போக விரும்புகிறவர் கட்டுநாயக்கவிலிருந்து முதலில் தெற்கே கொழும்பு கோட்டைக்குப் போக வேண்டும்; அங்கிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர். 2014 அக்டோபரில் யாழ்தேவி என்ற தொடருந்து மறுபடி யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கியதிலிருந்து அது இனிய பயணமாகவே இருந்து வந்திருக்கிறது, ஆனால் பராமரிப்புப் பணிகளுக்காகவும் வெள்ளச் சேதத்தாலும் வடபாதையில் சேவை குறைக்கப்பட்ட காலங்கள் உண்டு என்பதால், அன்றைய அட்டவணையை உறுதி செய்யாமல் அதை நம்பித் திட்டமிடக் கூடாது. எப்படிப் பார்த்தாலும் கொழும்பு வழியில் மொத்தம் ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரமாவது ஆகும். நேர் விமானக் கட்டணம் சில நாட்களில் கூடுதலாகத் தெரிந்தாலும், கொழும்பிலிருந்து வடக்கே போகும் வாகனச் செலவையும், இரவில் இறங்கினால் தங்கும் செலவையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்த பிறகே எது மலிவு என்று சொல்ல வேண்டும். இரண்டு பேர் தனி வாகனம் வைத்துப் போனால் அந்தச் சேமிப்பு பெரும்பாலும் மறைந்துவிடும். ஒருவர் மட்டும் இரவுப் பேருந்தில் போனால் சேமிப்பு உண்மையானதே.

கொழும்பு வழி யாருக்குப் பொருந்தும் என்றால், முதலில் பெட்டிகள் அதிகம் உள்ளவர்களுக்கு. திருமணத்துக்காகச் சென்னையில் கூறைச்சேலையும் உறவினர் எல்லாருக்குமான துணிமணிகளும் பாத்திரங்களும் வாங்கிக்கொண்டு திரும்பும் குடும்பங்கள் ஏராளம். ஏடிஆர் விமானத்தில் தலைக்கு மேலுள்ள தட்டு சிறியது, கைப்பெட்டி சற்றுப் பெரிதானாலும் உள்ளே போகாது; சரக்கறையும் சிறியது என்பதால், கூடுதல் எடைக்குப் பணம் செலுத்தினாலும் அந்தப் பெட்டி அதே விமானத்தில்தான் வரும் என்று எப்போதும் எதிர்பார்க்க முடியாது. ஐந்தாறு பெரிய பெட்டிகளோடு போகிறவர்கள் கொழும்பு ஜெட் விமானத்தில் போய் அங்கிருந்து வேன் வைத்துக்கொள்வது நடைமுறைக்கு உகந்தது. அடுத்து, குறித்த நாளில் எப்படியும் இலங்கையை அடைந்தே தீர வேண்டியவர்கள். பலாலிக்குப் போகும் அன்றைய விமானம் ரத்தானால் பெரும்பாலும் மறுநாள்தான் வழி. கொழும்பு விமானம் ரத்தானால் சில மணி நேரத்தில் வேறொன்று கிடைக்க வாய்ப்புண்டு. கண்டி, அநுராதபுரம் போன்ற ஊர்களையும் பார்க்க நினைப்பவர்கள் கொழும்பில் இறங்கி மெல்ல வடக்கே ஏறி, திரும்பும்போது பலாலியிலிருந்து சென்னைக்கு வருவது நல்லது. இரு வழியும் ஒரே நிலையமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. இந்த ஏற்பாட்டைப் பலர் எண்ணிப் பார்ப்பதே இல்லை என்பது எனக்கு வருத்தம்.

முதியவர்கள், நோயாளிகள், கைக்குழந்தையோடு போகிறவர்கள், மூன்று நான்கு நாள் விடுப்பில் போய்வர வேண்டியவர்கள் ஆகியோருக்கு நேர் விமானத்தைத் தவிர வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். நான்கு நாள் விடுப்பில் கொழும்பு வழியாகப் போனால் இரண்டு நாள் சாலையிலேயே போய்விடும். ஆடி அமாவாசையை அடுத்துத் தொடங்கி 25 நாள் நடக்கும் நல்லூர்த் திருவிழாவுக்குப் போகிறவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தேர், தீர்த்தம் ஆகிய நாட்களை ஒட்டி ஏடிஆரின் குறைந்த இருக்கைகள் விரைவில் நிரம்பிவிடும், கட்டணமும் ஏறிவிடும். அப்போது நேர் விமானம் வேண்டுமானால் சில மாதங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும்.

திருச்சி விமானம் சென்னைவாசிக்கு ஆதாயம் அல்ல. சென்னையிலிருந்து திருச்சிக்கு விரைவு ரயிலிலேயே நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதன் பிறகு காத்திருப்பையும் பறப்பையும் சேர்த்தால் பத்து மணி நேரத்தை எட்டிவிடும். ஆனால் தஞ்சாவூர், புதுக்கோட்டை, காரைக்குடி, கரூர், திண்டுக்கல் பகுதிகளில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. அவர்கள் சென்னைக்கு ஓர் இரவு பயணம் செய்து, அங்கிருந்து மறுபடி தெற்கே பறப்பது வீண். திருச்சி நிலையம் நகருக்கு மிக அருகில் இருப்பதும், 2024 இல் திறக்கப்பட்ட புதிய முனையம் விசாலமாக இருப்பதும் கூடுதல் வசதி. மதுரைக்காரர்களுக்கும் திருச்சியே பக்கம். மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம் இருந்தாலும், யாழ்ப்பாணம் போக வேண்டியவர் அதில் ஏறினால் முன்பு சொன்ன அதே 370 கிலோமீட்டர் அவருக்குக் காத்திருக்கும்.

கப்பல் தனி வகை. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறை ஏறத்தாழ 60 கடல் மைல், அதாவது 111 கிலோமீட்டர். பயணம் நான்கு மணி நேரம். 2023 அக்டோபர் 14 அன்று செரியபாணி கப்பலோடு தொடங்கிய சேவை, சில நாட்களிலேயே பருவமழையால் நின்று, 2024 ஆகஸ்டில் சிவகங்கை என்ற கப்பலோடு மறுபடி தொடங்கியது. காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாண நகருக்குப் பலாலியிலிருந்து போகும் தூரமே. தொலைவை மட்டும் பார்த்தால், ஏறும் இடத்துக்கும் இறங்கும் இடத்துக்கும் இடையிலான தூரம் நான்கு வழிகளிலும் இதில்தான் மிகக் குறைவு. ஆயினும் சென்னையிலிருந்து நாகப்பட்டினம் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். முந்தைய இரவே எழும்பூரிலிருந்து காரைக்கால் ரயிலில் போனால்தான் காலைக் கப்பலைப் பிடிக்கலாம். நாகை, திருவாரூர், மயிலாடுதுறை மக்களுக்கும், கடல் பயணத்தையே விரும்பிப் போகிறவர்களுக்கும் இது ஏற்றது. அலைக்கு உடம்பு தாங்காதவர்கள் தவிர்க்க வேண்டும்.

பருவம் இந்த ஒப்பீட்டை மாற்றக்கூடியது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையின்போது கப்பல் சேவையை நிறுத்திவிடுவது வழக்கமாகிவிட்டதால், அந்த மாதங்களில் அதைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடலாம். சென்னை விமான நிலையமும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலின்போதும் மூடப்பட்டது. இந்த மாதங்களில் யாழ்ப்பாணத்தில் திருமணமோ சடங்கோ இருந்தால், எந்த வழியானாலும் நிகழ்ச்சிக்கு முதல் நாள் போய்ச் சேரும்படி அல்லாமல் இரண்டு நாள் முன்னதாகவே சேரும்படி சீட்டு எடுக்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து சென்னை வழியாக யாழ்ப்பாணம் போகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது உண்டு. லண்டனிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வந்திறங்கும் விமானத்துக்கும் பலாலி விமானத்துக்கும் வெவ்வேறு சீட்டுகளாக எடுத்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டதற்கு எந்த நிறுவனமும் பொறுப்பேற்காது. பெட்டிகளைச் சென்னையில் வெளியே எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருந்தால் இந்தியாவுக்குள் நுழையும் விசாவும் தேவைப்படும். ஒரே சீட்டாகக் கிடைத்தால் அதை எடுப்பதே நல்லது. கிடைக்காவிட்டால் இடையில் ஓர் இரவு சென்னையில் தங்குவதாகத் திட்டமிட வேண்டும், அதற்கும் வசதியில்லை என்றால் அவர்களுக்குக் கொழும்பு வழியே பாதுகாப்பானது. இலங்கைக்கான இணையவழி அனுமதியையும், கப்பலில் போவதானால் கையிலுள்ள விசாவைக் கொண்டு அந்தத் துறைமுகம் வழியே போய்வர முடியுமா என்பதையும் சீட்டு எடுப்பதற்கு முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும். கடிகாரத்தைப் பற்றி மட்டும் கவலை வேண்டாம்: 2006 ஏப்ரலிலிருந்து இலங்கையின் நேரமும் இந்திய நேரமும் ஒன்றே என்பதால், சீட்டில் உள்ள புறப்படும் நேரத்தைச் சேரும் நேரத்திலிருந்து அப்படியே கழித்தால் பயண நேரம் கிடைத்துவிடும்.